பச்சை முடிச்சு

அலாரம் அடிப்பதற்கு முன்பே கணவரின் தொண்டை அவளை எழுப்பிவிட்டது. மனிதருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பத்தாவது மாடியில் நின்றுகொண்டு கீழே இருக்கிற ஆளோடு பேசிப் பேசி, பக்கத்தில் படுத்திருப்பவளிடமும் அதே சத்தத்தில்தான் பேச வரும்.

"எந்திரி, எந்திரி. ராத்திரி எதுமேல படுத்திருந்தோம்னு வந்து பாரு."

அவள் பதறிக்கொண்டு எழுந்தாள். மகள் ஏற்கெனவே எழுந்து ஜன்னல் ஓரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்குப் பத்து மணிக்குக் கல்லூரி ஹாஸ்டலில் சேர வேண்டியவள் அவள். அதற்காகத்தான் மூவரும் நாலு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இந்த லாட்ஜில் ஒரு ராத்திரிக்கு அறை எடுத்திருந்தார்கள். வந்து சேரும்போதே இருட்டிவிட்டது. அறையில் ஒரே ஒரு பல்பு, அதுவும் அழுதுவடிந்துகொண்டிருந்தது. அலுப்பில் யாரும் எதையும் பார்க்கவில்லை. போட்டது போட்டபடி படுத்துவிட்டார்கள்.

பொழுது விடிந்ததும் அறையின் லட்சணம் தெரிந்தது. குளியலறைச் சல்லடையில் யாருடைய தலைமுடியோ ஒரு பிடி. கண்ணாடிக்குக் கீழே முன்பு தங்கியிருந்தவரின் பல் பிரஷ், இன்னும் ஈரமாக. தேநீர்க் கோப்பைக்குள் ஒரு பழுப்பு வளையம். கட்டிலுக்கு அடியில் கரப்பான்கள் வாடகை கொடுத்தவர்களைப்போல் நிதானமாக உலாவின. கணவர் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் லாட்ஜ்காரனின் பரம்பரையில் ஒருவரை இழுத்துத் திட்டினார்.

"அதெல்லாம்கூடப் போகட்டும். இந்தப் பெட்ஷீட்டைப் பாரு. எவ்ளோ பெரிய கறை. ஒரு ஏரியே இருக்கு இதுல."

அவள் பார்த்தாள். வெள்ளை விரிப்பு. படுத்து எழுந்த சுருக்கங்கள் தெரிந்தன. கறை என்று எதுவும் தெரியவில்லை.

"எங்கங்க?"

"எங்கயா? கண்ணை எங்க வச்சிருக்க?"

"அம்மா, விளையாடாத," என்றாள் மகள். "இதோ, தலைகாணிக்குக் கீழேர்ந்து இடுப்பு வரைக்கும் இருக்கு. அதுமேலதான் நீ படுத்திருந்த." குனிந்து, விரலால் துணிமேல் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள்.

அந்த வட்டத்துக்கு உள்ளேயும் வெள்ளையாகத்தான் இருந்தது, வெளியேயும் வெள்ளையாகத்தான் இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய லாண்டரியில். நாலைந்து மாவட்டத்து லாட்ஜ்கள், நர்சிங் ஹோம்கள் என்று எல்லா இடத்துத் துணியும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். வெளுத்து, இஸ்திரி போட்டு வருகிற துணியை மேசைமேல் விரித்து, கறை, கிழிசல், முடி எதுவும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. மேசைக்கு ஒருத்தியாக எட்டுப் பேர். தேறிய துணியின் மூலையில் ஒவ்வொருத்தியும் தன் நிற நூலால் ஒரு முடிச்சுப் போட வேண்டும். பின்னால் ஏதாவது புகார் வந்தால் யார் கையில் தேறியது என்று தெரிவதற்காக இந்த ஏற்பாடு. அவளுடைய நூல் பச்சை. ஒன்பது வருடமாக லாண்டரியில் அவளுக்குப் பச்சை என்றுதான் பெயர். பக்கத்து மேசைக்காரி ஊதா, அதற்கு அடுத்தவள் சிவப்பு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே ஒருத்தியும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை அது. ஆறு மாதமாக அந்தக் கண்தான் அவளைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் மங்கலாக எது இருந்தாலும் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது. முதலில் டியூப் லைட் பழசாகிவிட்டது என்று நினைத்தாள். சூப்பர்வைசரிடம் சொல்லி மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள். புது விளக்கின் கீழே துணி இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அப்புறம் விரல்களை நம்ப ஆரம்பித்தாள். கிழிசல் விரலுக்குத் தெரியும், முடி தெரியும், கஞ்சிக் கட்டி தெரியும். கறை மட்டும் விரலுக்குத் தெரியாது. இரண்டு முறை அவளுடைய பச்சை முடிச்சோடு துணி திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. மகளுடைய ஹாஸ்டலுக்குக் கட்டிய முன்பணம் அவள் சம்பளத்தின்மேல் வாங்கிய கடன். இனி மாதா மாதம் கட்ட வேண்டியதும் அந்தச் சம்பளத்திலிருந்துதான். ஆனால் வாயைத் திறக்காததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. அவளுடைய அப்பா ஒரு மளிகை மொத்தக் கடையில் தராசு பிடித்தவர். கண் மங்கியதை யாரிடமும் சொல்லாமல், கையால் எடை பார்த்தே இரண்டு வருடம் ஓட்டினார். கடைசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார் அவர். அதற்குப் பிறகு அப்பா வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வயதில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "நான்தாம்பா" என்று சொன்னவள் அவள். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

"ஏய், இந்தக் கறையோட ஓரம் எப்படி இருக்கு?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஓரமா?"

"சொல்லேன். ஓரம் எப்படி, நடுவுல எப்படி?"

மகள் குனிந்து பார்த்தாள். "ஓரத்துல அழுத்தமா, கோடு போட்ட மாதிரி இருக்கு. நடுவுல வெளுத்திருக்கு. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லை என்று வாய்தான் சொன்னது. நேற்று யாரோ சிந்திய கறையாக இருந்தால் நடுவில்தான் அழுத்தமாக இருக்கும். ஓரம் கோடு கட்டி, நடுவில் வெளுத்திருந்தால் அது தண்ணீரும் பார்த்து, இஸ்திரியும் பார்த்த கறை. கறையோடவே வெளுத்து, கறையோடவே தேறி வந்த துணி இது. மடிப்புக் கோடுகள் விரலுக்கு இன்னும் கூர்மையாக இருந்தன. ஒரு ராத்திரிக்கு மேல் யாரும் இதில் படுக்கவில்லை.

அவளுடைய கை தானாக விரிப்பின் மூலைக்குப் போனது. மையால் எழுதிய எண்ணைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று. லாண்டரிக்கு வரும் மூட்டைகளில் எண் மட்டும்தான் இருக்கும். முப்பத்தொன்று எந்த ஊரில் இருக்கிறது, எந்த லாட்ஜ் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் முடிச்சு இருந்தது. நிறத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் விரல் சொல்லிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பார்கள். மூன்று சுற்றுச் சுற்றி இடது பக்கமாக இழுக்கிறவள் அந்த லாண்டரியில் ஒருத்திதான்.

கணவர் பையைத் தேடிக்கொண்டிருந்தார். "இந்த ஷீட்டைத் தூக்கிட்டுப் போயி கவுன்ட்டர்ல விரிக்கிறேன். கொடுத்த காசை ஒரு பைசா விடாம திரும்ப வாங்காம இந்த எடத்தை விட்டு நகரமாட்டேன்."

"வேணாங்க," என்றாள் அவள். குரல் அவளுக்கே வித்தியாசமாகக் கேட்டது. "நேரமாச்சு. பத்து மணிக்குள்ள ஹாஸ்டல் போகணும்."

"மணி ஏழரைதான் ஆகுது."

"முடியும் பிரஷ்ஷும் படம் எடுத்தாச்சுல்ல, அதைக் காட்டினா போதாதா? ஷீட்டை எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"போனுல இருக்கறதை எவன் மதிப்பான்? கையில பொருள் இருக்கணும். ஷீட்டுதான் முக்கியமே." அவர் சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். வழக்கமாகக் காசு விஷயத்தில் அவளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. காய்கறிக்காரனிடம் அவள் பேரம் பேசுகிற அழகைப் பார்த்து அவரே ஒதுங்கி நிற்பார். அவள் வேண்டாம் என்று சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று மனிதருக்குத் தோன்றியிருக்க வேண்டியது. ஆனால் கோபம் வந்துவிட்டால் அவருக்கு எதுவும் தோன்றாது.

குளியலறைக் கதவு சாத்தியதும் அவள் மூலையை வாயில் வைத்து முடிச்சைக் கடித்தாள். கத்தரிக்கோல் இல்லை, பிளேடு இல்லை. வேறு வழியும் இல்லை. பல் கூசியது. பச்சை போட்ட முடிச்சை அவிழ்க்க ஆள் பிறந்து வரணும் என்று வேன்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அதைக் கேட்டு இத்தனை வருடமும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமையைப் பல்லால் கடித்துக் கடித்துப் பார்த்தாள். ஒரு இழைகூட அறுபடவில்லை.

"அம்மா, என்ன பண்ற?"

மகள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு பாதித் தலையில் நின்றிருந்தது.

"நூல் நீட்டிக்கிட்டு இருக்கு."

மகள் துணியைப் பார்த்தாள், அம்மாவின் வாயைப் பார்த்தாள். அதற்குள் கணவர் வெளியே வந்து விரிப்பை அவள் கையிலிருந்து இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மூன்று மாடிப் படிகள். இந்த லாட்ஜில் லிஃப்ட் இருந்தது, வேலை செய்யவில்லை. அதற்கும் அவர் இறங்கும்போதே தனியாகத் திட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படியிலும் அவளுடைய கால் பின்னிக்கொண்டது. விழுந்து கிழுந்து வைத்தால் தேவலை, எல்லாரும் விரிப்பை மறந்துவிடுவார்கள் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

கவுன்ட்டரில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, பெரிய நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். புகார் கேட்டுக் கேட்டுப் பழுத்த முகம். கணவர் ஆரம்பித்த வேகத்துக்கு வேறொருவர் எழுந்தே நின்றிருப்பார். இவர் பேனாவை மூடக்கூட இல்லை.

"ராத்திரியே சொல்லியிருந்தா வேற ரூம் மாத்திக் கொடுத்திருப்போமே சார்."

"ராத்திரி உங்க பல்பு வெளிச்சத்துல என் கையே எனக்குத் தெரியல. அப்புறம்ல கறை."

"நல்லாத் தூங்கி எந்திரிச்சிட்டு இப்ப வந்து காசைக் கேட்டா எப்படி சார்? நான் முதலாளிக்கு என்ன பதில் சொல்றது?"

"நல்லாத் தூங்கினோம்னு உங்ககிட்ட யாரு சொன்னா? இதுமேல மனுஷன் தூங்குவானா?" கணவர் கக்கத்திலிருந்ததை எடுத்துக் கவுன்ட்டர்மேல் வீசினார். "பாருங்க. நீச்சல் குளம் மாதிரி இருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

மேனேஜர் அலுப்போடு துணியின் ஒரு முனையைத் தூக்கினார். தூக்கியது அந்த முனையாகத்தான் இருக்க வேண்டுமா. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"இதை முதல்லயே காட்டியிருக்கலாமே சார். இது எங்க தப்பே இல்ல. லாண்டரி தப்பு."

"யார் தப்பா இருந்தா எனக்கென்ன? என் காசு எனக்கு வரணும்."

"வரும் சார், முழுசா வரும். கறைத்துணி வந்து அதனால கஸ்டமர் காசு திரும்பக் கேட்டா லாண்டரிதான் கொடுக்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு. அவங்க என்ன கையிலேர்ந்தா கொடுக்கப் போறாங்க? இதைத் தேத்தின பொம்பளை சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க." மேஜை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்தார். அதில் எட்டு நிறத்தில் எட்டு நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. முடிச்சை அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "பச்சை."

மகளின் தலை சட்டென்று அம்மா பக்கம் திரும்பியது. வீட்டுக்கு வரும் போனை எடுத்துப் பழகியவள் அவள். "பச்சையக்கா இருக்காங்களா?" என்று கேட்கும் குரல்கள் அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்தப் பெயர் இருப்பது கணவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் இப்போது அவர் காதில் 'முழுசா வரும்' என்பதைத் தவிர வேறு எதுவும் நுழைவதாக இல்லை.

"அப்பா, விடுங்கப்பா. போலாம்," என்றாள் மகள். "எனக்கு நேரமாச்சு."

"இரும்மா. காசு வருதுங்கறாரு, வாங்கிட்டே போயிடலாம்." ஜெயித்துவிட்ட உற்சாகத்தில் அவர் மேனேஜரிடம் குழைந்தார். "சார், நான் தெரியாம ஒண்ணும் பேசல. என் வீட்டுக்காரியே லாண்டரில செக்கிங் வேலைதான். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் அவ கையில தேறாது. கண்கொத்திப் பாம்பு. ஏன், நீயே சொல்லேன், இந்த மாதிரி ஒரு துணியை நீ தேத்துவியா?"

அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"அப்படியாம்மா?" மேனேஜர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "எந்த லாண்டரி?"

"சின்னதுதாங்க. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

"சின்னதா?" என்றார் கணவர். "எட்டு வேன் ஓடுது, சின்னதுங்கற."

"அப்பா," என்றாள் மகள் மறுபடியும். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

மேனேஜர் அதற்குமேல் தோண்டவில்லை. அவருடைய கவலை வேறு. லாண்டரி எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. "எடுக்கல. பார்த்தா அவரே கூப்பிடுவாரு. அந்த சூப்பர்வைசர் லேசுப்பட்ட ஆள் இல்ல சார். இது கறை இல்ல, நிழல்னு சாதிப்பாரு. அம்மா தொழில் தெரிஞ்சவங்க. எந்த எடத்துல இருக்கு, என்ன கறைன்னு அவங்க வாயால சொல்லட்டும். அப்படியே எழுதிக்கிறேன். அப்புறம் அவரால ஒண்ணும் பேச முடியாது." நோட்டில் ஒரு புதுத் தாளைத் திருப்பி, விரிப்பைக் கவுன்ட்டர்மேல் நீவி விட்டார். "காட்டுங்கம்மா."

கணவர் பெருமையோடு ஒதுங்கி வழி விட்டார்.

அவள் முன்னால் வந்து நின்றாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வாசல் வழியாக வெயில் நேராகத் துணிமேல் விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் தெரியாவிட்டால் வேறு எந்த வெளிச்சத்திலும் தெரியப் போவதில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கையை வைத்துத் தடவினாள். வழவழவென்று இருந்தது. மாடி அறையில் மகள் வட்டம் போட்ட இடத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு துணியைச் சுருட்டி, வீசி, புரட்டிவிட்டார்கள். தலைமாடு எது, கால்மாடு எது என்று யாருக்குத் தெரியும்? மூன்று பேரும் அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கிருந்து ஓடிப் போய்விடலாமா என்று இருந்தது. நாற்பத்தைந்து வயதில், கல்லூரிக்குப் போகிற பெண்ணின் முன்னால், எங்கே ஓடுவது?

"இதோ, இங்க," என்று விரலை வைத்தாள். "டீக் கறை."

எழுதப் போன மேனேஜரின் பேனா நின்றது.

"அங்க எங்க இருக்கு?" கணவர் சிரித்தார். "தூக்கக் கலக்கம் சார். நல்லாப் பாரும்மா."

அவள் விரலைத் தள்ளி வைத்தாள். கணவரின் சிரிப்பு பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அப்போது மகளின் கை வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, மெதுவாக இழுத்து, கவுன்ட்டரின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்தது.

"இங்கம்மா," என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தாள்.

கணவர் விரிப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இது தெரியலையா உனக்கு?"

"தெரியலைங்க."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட." சொல்லிவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. "ஆறு மாசமா இப்படித்தாங்க இருக்கு. வெள்ளையில எதுவுமே தெரிய மாட்டேங்குது. ரெண்டு தடவை துணி திரும்பி வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லல. எங்கப்பா மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருந்தது. சொன்னா நிஜமாயிடும்னு பயமா இருந்தது." மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அந்தப் பச்சை நான்தான் சார். அது என் முடிச்சு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். இருபது வருடமாக இந்தக் கவுன்ட்டரில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். தன்மேல் தானே புகார் கொண்டுவந்து கொடுத்த கஸ்டமரை இப்போதுதான் பார்க்கிறார். எட்டு நிற அட்டையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கினார்.

"நான் எதையும் பார்க்கலம்மா," என்றார். "அந்த முடி, பிரஷ்ஷு, கரப்பான் எல்லாம் எங்க தப்புதான். அதுக்குப் பாதிக் காசு நானே தர்றேன். இந்த ஷீட்டை நூலை வெட்டிட்டு அழுக்கு மூட்டையில போட்டுட்டா யாருக்கும் தெரியாது. நீங்க பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்புங்க." நோட்டுகளை எண்ணி விரிப்பின்மேல் வைத்தார். கணவர் அதைத் தொடவில்லை. ஒரு பைசா விடமாட்டேன் என்று மூன்று மாடி இறங்கி வந்த மனிதர் அவர்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை தப்பியது. திங்கட்கிழமை வழக்கம்போல் மேசைக்குப் போகலாம். ஊதா டீ வாங்கி வைத்திருப்பாள். முதல் மூட்டையை அவிழ்த்து விரிக்கலாம். நாளொன்றுக்கு முந்நூறு விரிப்பு, முந்நூறும் வெள்ளை. அதில் பாதி நர்சிங் ஹோமிலிருந்து வருவது. அறுவை முடிந்து, தையலோடு, காயத்தோடு படுக்கிறவர்கள் அதன்மேல்தான் படுப்பார்கள். இன்றைக்கு அவளுடைய முடிச்சின்மேல் படுத்தவள் அவளாகப் போனாள். நாளைக்கு யாரோ. வந்த உயிர் மறுபடியும் தொண்டைக்கு ஏறியது. இந்த மேனேஜருக்குப் பயந்ததைவிட, சூப்பர்வைசருக்குப் பயந்ததைவிட, வரப்போகிற திங்கட்கிழமைக்கு அவள் அதிகமாகப் பயந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த போன் அடித்தது. மேனேஜர் எண்ணைப் பார்த்துவிட்டு அவர்களைப் பார்த்தார்.

"எடுக்காதீங்க சார்," என்றார் கணவர்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க," என்று அவள் அவருடைய கையைப் பிடித்தாள். "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கறை எவ்ளோ பெருசு?"

அவர் விரிப்பைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"கொஞ்சூண்டுதான்," என்றார். "எனக்கே சரியாத் தெரியல. யாரும் கவனிச்சிருக்கவே மாட்டாங்க."

அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இல்லை. கறை எவ்வளவு பெரியது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அவள் கையை நீட்டினாள். மேனேஜர் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தார்.

"சார், பச்சை பேசறேன்," என்றாள். "முப்பத்தொண்ணாம் நம்பர்ல ஒரு கறைத்துணி வந்திருக்கு, அது நான் தேத்தினதுதான். எனக்குக் கறை தெரியல சார். திங்கக்கிழமை என்னை மேசையில நிக்க வைக்காதீங்க."